ஆடி 1 முதல் ஆடி 18 வரை: கடையைக் காலி செய்த கதை

1986ல் அப்பா மேற்கு மாம்பலத்தில் இந்த ஆண்கள் துணிக்கடையைத் திறந்தபோது ரோட்டிலிருந்து இரண்டு படி ஏறித்தான் உள்ளே வர வேண்டும். பள்ளிக்கூடம் விட்டு வந்து அந்தப் படியில் உட்கார்ந்துதான் வீட்டுப்பாடம் எழுதுவேன். நான் கல்லூரி முடித்தபோது ஒரு படிதான் மிச்சம். 2015ல் படியே இல்லை, ரோடும் கடையும் ஒரே மட்டம். 2023ல் வருகிறவர்களிடம் "பார்த்து இறங்குங்க சார்" என்று சொல்லத் தொடங்கியிருந்தோம். கடை இருந்த இடத்திலேயேதான் இருந்தது. ரோடு ஒவ்வொரு முறையும் பழையதன் மேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டது. பழைய தாரைச் சுரண்டி எடுத்த பிறகே புதிதாகப் போட வேண்டும் என்று 2021ல் அரசு உத்தரவு வந்தது உண்மைதான். அதற்குள் எங்கள் இரண்டு படியும் தாருக்கு அடியில் போய்ச் சேர்ந்திருந்தன.

துரைசாமி சுரங்கப்பாதைக்கு இந்தப் பக்கம் கடை வைத்திருப்பவர்களுக்கு மழையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டாம். 2015 டிசம்பர், 2021 நவம்பர், அப்புறம் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல். மிக்ஜாமில் அடி ரேக் முழுவதும் நனைந்தது. துவைத்துக் காயவைத்து விற்கலாமே என்று யோசனை சொன்ன சொந்தக்காரர் ஒருவர் உண்டு. சாக்கடை கலந்த தண்ணீரில் இரண்டு நாள் ஊறிய பேண்டை அவர் முகர்ந்து பார்த்ததில்லை.

பொங்கல் முடிந்ததும் முடிவு செய்தோம்: தரையை உயர்த்தி, ரேக், லைட், டிரையல் ரூம் எல்லாவற்றையும் புதிதாகப் போட்டுவிடுவது. கட்டடம் சொந்தம் என்பதால் யாரையும் கேட்க வேண்டியதில்லை. ஆனால் தரையை உயர்த்த வேண்டும் என்றால் கடை காலியாக இருக்க வேண்டும். 600 சதுர அடிக் கடைக்குள் அப்போது ஏறக்குறைய 4,200 பீஸ் இருந்தது. இரண்டு மாதத்துக்குக் கிடங்கு பிடித்தால் வாடகை, வண்டிக் கூலி, ஏற்றி இறக்குவதில் கசங்கல், போதாததற்கு சென்னைக் காற்றின் ஈரம். அதற்கு விற்றுத் தீர்ப்பதே மேல் என்று தோன்றியது.

தேதி விஷயத்தில் அம்மா சொன்னதுதான் நடந்தது. ஆடியில் எதையும் இடிக்கக் கூடாது, ஆவணி பிறந்த பிறகு கைவையுங்கள் என்றார். எனக்கு அதில் பெரிய நம்பிக்கை கிடையாது. ஆனால் வியாபாரக் கணக்குக்கும் அதுவே பொருந்தியது. ஆடி என்றால் ஊரே தள்ளுபடியைத் தேடும். 2024ல் ஆடி 1, ஜூலை 17. அன்று மொகரம் விடுமுறை வேறு. ஆடிப்பெருக்கு ஆகஸ்ட் 3, சனிக்கிழமை. இந்த 18 நாளில் விற்று, ஆவணி 1க்கு வேலை தொடங்கி, விஜயதசமிக்குத் திறந்தால் தீபாவளிக்கு 19 நாள் கையில் இருக்கும். தீபாவளியைத் தவறவிடுகிற துணிக்கடைக்காரன் அந்த வருடத்தையே தவறவிடுகிறான், அதனால் எல்லாத் தேதியையும் அக்டோபர் 31லிருந்து பின்னோக்கித்தான் எண்ணினோம்.

முதல் வேலை சரக்கு எடுப்பது, அதாவது எண்ணுவது. மூன்று ராத்திரி, ஒன்பதரைக்கு ஷட்டரை இறக்கிவிட்டு, ரேக் ரேக்காக எண்ணினோம். கம்ப்யூட்டரில் இருந்த கணக்குக்கும் கையில் எண்ணியதற்கும் 70 பீஸ் வித்தியாசம். அது பரவாயில்லை. எண்ணும்போது வெளியே வந்த சரக்குதான் கலக்கம் கொடுத்தது. இரண்டு வருடத்துக்கு மேல் அசையாமல் கிடந்தது மட்டும் 1,100 பீஸ். கடையில் கால் பங்குக்கும் மேல்.

அதில் பெரிய பகுதி 2020 பிப்ரவரியில் வாங்கியது. சித்திரைக் கல்யாண சீசனுக்காக ஃபார்மல் பேண்ட்டுகளாக வாங்கிக் குவித்திருந்தேன். மார்ச் கடைசியில் ஊரடங்கு. திரும்பக் கடை திறந்தபோது ஆபீஸ் போகிறவர்கள் வீட்டில் லுங்கியோடு லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் ஆபீஸுக்குத் திரும்பிய காலத்தில் காலோடு ஒட்டும் பேண்ட் போய் லூசான பேண்ட் வந்திருந்தது. ஆக, என் பேண்ட்டுகள் இரண்டு தடவை தோற்றவை.

இன்னொரு பகுதிக்கு யாரையும் குறை சொல்ல முடியாது, என் கண்தான் காரணம். காப்பிப் பொடி நிறத்தில் சட்டை. எனக்கு அந்த நிறம் பிடிக்கும். ஊரில் வேறு யாருக்கும் பிடிக்கவில்லை.

ஒரு வெள்ளைச் சட்டைப் பெட்டியைத் திறந்து பார்த்தது இன்னும் கண்ணில் இருக்கிறது. மேலே பாலித்தீன் பளபளவென்று இருந்தது. உள்ளே, காலரை நிமிர்த்தி வைக்கும் பிளாஸ்டிக் துண்டு பழுத்துப்போய் விரல் பட்டதும் உடைந்தது. மடிப்பு விழுந்த இடமெல்லாம் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல வெளிர்மஞ்சள். கையை முதுகோடு சேர்த்துக் குத்தியிருந்த குண்டூசியைச் சுற்றி மிளகு அளவுக்குத் துருக்கறை. நான்கு வருடம் ஒரு சட்டையை யாரும் தொடாமல் வைத்திருந்தால் அதுவாகவே பழையதாகிவிடுகிறது. பனியன், ஜட்டி, டிராக் பேண்ட் இன்னும் மோசம், எலாஸ்டிக் செத்துப்போகும்.

சரி, இப்போது என் பெரிய தப்புக்கு வருகிறேன். ஃபிளெக்ஸில் "கடை முழுவதும் 50 சதவீதத் தள்ளுபடி" என்று போட்டேன். நோட்டீஸ் அடித்துப் பேப்பருக்குள் வைத்து வீடு வீடாக அனுப்பினேன். எங்கள் கடையில் இருபத்தைந்து வருடமாக இருக்கும் அண்ணன் அப்போதே கேட்டார், "முழுவதும்னு போடணுமா தம்பி?" என்று. அப்படிப் போட்டால்தான் கூட்டம் வரும் என்று நான் சொன்னேன்.

கூட்டம் வந்தது. முதல் நாள் காலை பத்து மணிக்குள் டிரையல் ரூமுக்கு வரிசை. ஐந்து நாளில் 620 பீஸ் போனது. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பில்லை எல்லாம் பிரித்துப் பார்த்தபோது வயிறு கலங்கியது. போன 620ல் அந்த 1,100 பழைய பீஸிலிருந்து போனது நாற்பதுகூடத் தேறவில்லை. மற்றதெல்லாம் 40, 42 சைஸ் வெள்ளைச் சட்டை, பனியன், எட்டு முழ வேட்டி. முழு விலை சொன்னாலும் தீபாவளிக்குள் தானாகப் போய்விடும் சரக்கு. அதை நானே பாதி விலைக்கு எடுத்துக் கொடுத்திருக்கிறேன்.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன். 1,200 ரூபாய் எம்.ஆர்.பி. உள்ள சட்டை, எனக்கு வரி போக அடக்கம் 700. பாதி விலை என்றால் 600. அதற்குள்ளேயே 5 சதவீத ஜி.எஸ்.டி. அடக்கம், அது போகக் கைக்கு வருவது 571. சட்டைக்கு 129 ரூபாய் நஷ்டம், இதில் சம்பளம், கரண்ட் எதுவும் சேரவில்லை. பழைய பேண்ட்டில் இந்த நஷ்டம் வந்தால் சந்தோஷமாக ஏற்றுக்கொள்வேன். நாளைக்கே விற்கும் சட்டையில் எதற்கு?

வாங்குகிறவர் பக்கம் நின்று பார்த்தால் இதில் ஆச்சரியமே இல்லை. எல்லாமே பாதி விலை என்றால் யாராக இருந்தாலும் நல்லதைத்தான் எடுப்பார்கள். காப்பிப் பொடிச் சட்டை 1,200லும் வேண்டாம், 600லும் வேண்டாம்.

திங்கள்கிழமை காலை கடையைத் திறக்காமல் மதியம் வரை உட்கார்ந்து மாற்றினோம். வெள்ளைச் சட்டை, வேட்டி, உள்ளாடை, "ஒன்பது அஞ்சு" எல்லாம் சேர்த்து 900 பீஸை எடுத்து மூட்டை கட்டி, சித்தப்பா வீட்டு மாடி அறைக்கு அனுப்பினோம். ஒன்பது அஞ்சு என்பது ஒன்பது முழ வேட்டியும் ஐந்து முழ அங்கவஸ்திரமும் சேர்ந்த செட், பஞ்சகச்சத்துக்கு. மாம்பலத்தில் அதற்குத் தள்ளுபடி தருவது மெரினாவில் மணலை இலவசமாகக் கொடுப்பதுபோல. ஃபிளெக்ஸையும் இறக்கினோம். ஆனால் நோட்டீஸ் வீடு வீடாகப் போய்விட்டதே. அடுத்த மூன்று நாளும் அதைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தவர்கள் இருந்தார்கள். ஒருவர், "பேப்பர்ல ஒண்ணு போடுவீங்க, இங்க வந்தா ஒண்ணு சொல்வீங்களா?" என்று கல்லா முன்னால் நின்று சத்தம் போட்டார். அவர் சொன்னது நியாயம். நோட்டீஸோடு வந்த எல்லோருக்கும், கடையில் இருந்த எதைக் கேட்டாலும், பாதி விலைக்கே கொடுத்தோம். இல்லாத சலுகையைக் காட்டிக் கடைக்குள் இழுக்கும் விளம்பரத்தைப் பற்றி 2022ல் மத்திய அரசு கொண்டுவந்த விதிமுறையிலேயே இருக்கிறது என்று ஆடிட்டர் பிறகு போனில் சொன்னார். விதி இல்லாவிட்டாலும் நாற்பது வருடமாக ஒரே தெருவில் முகம் காட்டுகிறவன் அதைச் செய்ய முடியாது. "முழுவதும்" என்ற அந்த ஒரு வார்த்தைக்குக் கொடுத்த விலையை நான் தனியாக எழுதி வைத்திருக்கிறேன், இங்கே சொல்லப் போவதில்லை.

அப்புறம்தான் சரக்கு அசைந்தது. விலையை நாங்கள் அதிகம் குறைக்கவில்லை, அடுக்கும் முறையை மாற்றினோம்.

அதுவரை ரகம் ரகமாக அடுக்கியிருந்தோம்: செக்டு ஒரு பக்கம், பிளெயின் ஒரு பக்கம், கோடு போட்டது ஒரு பக்கம். முழு செட்டாக 38, 40, 42, 44 எல்லாம் இருக்கும்போது அது சரி. நாள்பட்ட சரக்கு எப்போதும் கட் சைஸாகத்தான் இருக்கும், நடு சைஸ் போய் இரண்டு ஓரமும் நிற்கும். வருகிறவர் ஒரு சட்டையைப் பார்த்து ஆசைப்பட்டு "42 இருக்கா?" என்பார். இல்லை. இன்னொன்று. இல்லை. மூன்றாவது "இல்லை"யில் படி ஏறிவிடுவார். அண்ணன்தான் சொன்னார், சைஸ் வாரியாகத் தொங்கவிடலாம் என்று. 44, 46, 48 எல்லாம் ஒரு கம்பியில். மேலே அட்டையில் "44க்கு மேல்" என்று ஸ்கெட்ச் பேனாவில் எழுதினோம். 36, 38 இன்னொரு கம்பியில்.

பெரிய உடம்புக்காரர்கள் துணிக்கடைக்குள் நுழையும்போதே ஒரு தயக்கத்தோடு நுழைவார்கள், கவனித்திருக்கிறீர்களா? எந்தக் கடையிலும் அவர்களுக்கு முதலில் கிடைக்கிற பதில் "சைஸ் இல்லை" என்பதுதான். அந்தக் கம்பியைப் பார்த்ததும் ஒருவர் நின்றுவிட்டார். "இது எல்லாமே என் சைஸா?" என்று இரண்டு தடவை கேட்டார். ஏழு சட்டை எடுத்தார். அதில் இரண்டு காப்பிப் பொடி. மறுநாள் தன் மச்சானைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

இன்னொரு கம்பி, அந்தத் தோற்றுப்போன ஃபார்மல் பேண்ட். தி. நகர், மாம்பலம் பக்கம் படிக்கவும் வேலை தேடவும் வந்து அறை எடுத்துத் தங்கியிருக்கும் பையன்கள் நிறைய. இன்டர்வியூவுக்குப் போக அவர்களுக்கு ஒரு ஃபார்மல் பேண்ட், ஒரு சட்டை வேண்டும், ஒன்று இருந்தால் போதும், ஃபேஷன் முக்கியமில்லை. பேண்ட், சட்டை, டை மூன்றும் சேர்த்து 799 என்று ஒரு "இன்டர்வியூ செட்" போட்டோம். முதல் நாள் நான்குதான் போனது. பேண்ட்டைப் போட்டுப் பார்க்கிற பையன் இடுப்பு லூசு, நீளம் அதிகம் என்று கழற்றி வைத்துவிடுவான். மறுநாள் எங்களிடம் ஆல்டரேஷன் எடுக்கும் டெய்லரை மெஷினோடு கூட்டிவந்து வாசலிலேயே உட்காரவைத்தோம். ஆல்டரேஷன் இலவசம், இருபது நிமிடத்தில் கையில். அன்று போனது 31 செட்.

டெய்லருக்கு நாள் கூலி கொடுத்தேன். அந்த 18 நாளில் நான் செலவழித்ததில் ஃபிளெக்ஸ், நோட்டீஸ், லைட் எல்லாவற்றையும்விட அந்தக் கூலிதான் எனக்குப் பணம் கொண்டுவந்தது. அவரிடமிருந்து ஒன்றும் தெரிந்துகொண்டேன். பேண்ட் இடுப்பை இரண்டு இஞ்ச் வரைதான் பிடிக்கலாம். அதற்கு மேல் பிடித்தால் பின்பக்கத்து இரண்டு பாக்கெட்டும் நெருங்கி வந்து முத்தம் கொடுத்துக்கொள்ளும், அவர் சொன்ன வார்த்தை அது. விட்டுப் பெரிதாக்க வேண்டுமானால் நடுத்தையலின் உள்ளே துணி விட்டிருக்கிறார்களா என்று திருப்பிப் பார்க்க வேண்டும். மலிவு பேண்ட்டில் பெரும்பாலும் விட்டிருக்க மாட்டார்கள்.

பேண்ட் பிட், சட்டைப் பிட் என்று துணியாகவே கிடந்தது கொஞ்சம். 1.20 மீட்டர் பேண்ட் பிட்டை இந்தக் காலத்துப் பையன்கள் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு "இது என்ன அங்கிள், டவலா?" என்கிறார்கள். வயதானவர்கள்தான் எடுத்தார்கள். ரிட்டயர்ட் ஆன மாமா ஒருவர், "ரெடிமேட் எனக்கு உட்காரவே உட்காராதுடா அம்பி" என்று சொல்லி ஆறு பிட் எடுத்துக்கொண்டார். மிச்சத்தை இரண்டு டெய்லர் கடைக்காரர்கள் மொத்தமாகப் பேசி எடுத்துக்கொண்டார்கள்.

விலை போடுவதில் ஆடிட்டர் சொன்ன ஒரு சூட்சுமம், துணிக்கடை வைத்திருப்பவர்களுக்கு உதவும். ரெடிமேடுக்கு ஜி.எஸ்.டி. எம்.ஆர்.பி.யை வைத்து வராது, தள்ளுபடி போக விற்கும் விலையை வைத்து வரும். 2024ல் ஒரு பீஸ் 1,000 ரூபாய் வரை 5 சதவீதம், அதற்கு மேல் 12. அப்படியானால் ஒரு சட்டையை வரியோடு 1,120க்கு விற்றாலும் என் கைக்கு 1,000, 1,050க்கு விற்றாலும் 1,000. நடுவில் உள்ள 70 ரூபாயைக் குறைத்தால் எனக்கு ஒரு பைசா நஷ்டமில்லை, வாங்குகிறவருக்கு லாபம். இது தெரியாமல் 1,099, 1,080 என்று நிறைய ஸ்டிக்கர் ஒட்டியிருந்தேன், எல்லாவற்றையும் 1,049 ஆக்கினோம். 2025 செப்டம்பர் 22 முதல் அந்த எல்லை 2,500 ஆகிவிட்டது, அதற்கு மேல் 18 சதவீதம். இப்போது அதே கணக்கு 2,950க்கும் 2,625க்கும் பொருந்தும்: இரண்டிலும் கடைக்காரர் கைக்கு வருவது 2,500தான். கோட் சூட் விற்பவர்கள் ஒரு முறை உட்கார்ந்து பார்க்கலாம்.

நடுவில் எதிர்பார்க்காத ஒரு தலைவலி. "க்ளியரன்ஸ் சேல்" என்றதும் கடையை மூடப்போகிறோம் என்று பேச்சு பரவிவிட்டது. வாடிக்கையாளர்கள் துக்கம் விசாரிப்பதுபோல வந்து, "அப்பா நல்லா இருக்காரா?" என்று தொடங்குவார்கள். அதையாவது சமாளிக்கலாம். ஐந்தாம் நாள் திருப்பூரிலிருந்து பனியன் சப்ளை செய்பவர் போன் செய்தார். நலம் விசாரித்துவிட்டு மெதுவாகப் பாக்கியைக் கேட்டார். அடுத்து ஈரோட்டு வேட்டிக்காரர். மறுநாள் ஒரு ஏஜென்ட் நேரிலேயே வந்து காலி ரேக்குகளை எண்ணிக்கொண்டிருந்தார். அவர்களையும் குறை சொல்ல முடியாது, கடனில் சரக்கு கொடுத்தவன் கடை காலியாவதைப் பார்த்தால் பயப்படத்தான் செய்வான். அந்த வருடம் சிறு உற்பத்தியாளர்களுக்கு 45 நாளுக்குள் பணம் கொடுக்காவிட்டால் வாங்குகிறவருக்கு வருமான வரியில் அந்தச் செலவு கழியாது என்ற விதியும் புதிதாக வந்திருந்ததால் எல்லோருமே பாக்கியில் கறாராக இருந்தார்கள். விற்ற பணத்தில் முதலில் அவர்களுக்குக் கொடுத்துத் தீர்த்தேன். விற்பனை தொடங்குவதற்கு ஒரு வாரம் முன்பே எல்லோருக்கும் ஒரு போன் போட்டுச் சொல்லியிருந்தால் இந்த ஒட்டுமொத்த நெருக்கடியே வந்திருக்காது. ஃபிளெக்ஸிலும் தள்ளுபடிக்குப் போட்ட அதே பெரிய எழுத்தில் "விஜயதசமி அன்று புதுப்பொலிவுடன்" என்று போட்டிருக்க வேண்டும். நான் அதை அடியில் பொடி எழுத்தில் போட்டிருந்தேன்.

கடையில் இருக்கும் ஐந்து பேரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. ஆனால் மதியச் சாப்பாட்டின்போது பேச்சு நின்றுபோவதைக் கவனித்தேன். மூன்றாம் நாள் எல்லோரையும் உட்காரவைத்து, வேலை நடக்கும் இரண்டு மாதமும் முழுச் சம்பளம் உண்டு, யாரும் போகவேண்டியதில்லை என்று சொன்னேன். அதை முதல் நாளே சொல்லாதது என் தப்பு. புதுக் கடைக்கு என்ன வேண்டும் என்று கேட்டதற்கு அண்ணன் ஒன்றுதான் கேட்டார்: கவுண்டருக்குப் பின்னால் உட்கார ஒரு ஸ்டூல். கடைகளில் வேலை செய்பவர்களுக்கு உட்கார இடம் தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021ல் சட்டமே வந்துவிட்டது. இருபத்தைந்து வருடமாக அவர் நின்றுகொண்டே இருந்ததை நான் அன்றுதான் பார்த்தேன் என்று சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஐந்து மடக்கு இருக்கைகள் போட்டிருக்கிறோம்.

இந்த மாதிரி விற்பனைக்குப் போகிறவர்களுக்கு, விற்றவன் என்ற முறையில் சில விஷயங்கள். சட்டையைக் கவரிலிருந்து பிரித்து முழுதாக விரித்துப் பாருங்கள், கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை. கடை லைட்டில் மஞ்சள் தெரியாது, வாசலுக்குக் கொண்டுபோய்ப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். தோள் மடிப்பிலும் காலர் ஓரத்திலும் நிறம் மங்கியிருந்தால் அது ஷோகேஸில் வெயில் தின்ற துணி, சாயம் முக்கினாலும் திரும்பாது. எலாஸ்டிக்கைக் காதருகே வைத்து இழுங்கள், சரசரவென்று சத்தம் வந்தால் இரண்டு துவைப்புக்குத் தாங்காது. எம்.ஆர்.பி. ஸ்டிக்கர் மேல் இன்னொரு ஸ்டிக்கர் ஒட்டி விலையை ஏற்றக் கூடாது. குறைக்க ஒட்டலாம், அப்போதும் பழைய விலை மறையாமல் தெரிய வேண்டும் என்பதுதான் விதி. தள்ளுபடி விலைக்கு மேல் வரி தனி என்று யாராவது சொன்னால், எம்.ஆர்.பி. என்பதே எல்லா வரியும் உட்படத்தான் என்று நினைவுபடுத்துங்கள். அப்புறம், முதல் மூன்று நாள் போவது நல்லது. சொந்த அனுபவத்தில் சொல்கிறேன், என்னைப்போல ஒரு முட்டாள் நல்ல சரக்கையும் சேர்த்துப் போட்டிருப்பான்.

வாங்கும் முறையையும் கொஞ்சம் மாற்றிக்கொண்டேன். முன்பெல்லாம் எல்லா ரகத்திலும் சைஸுக்கு ஒன்று என்று சமமாக எடுப்பேன். இப்போது எங்கள் பில்லைப் பார்த்து 40க்கும் 42க்கும் இரண்டிரண்டு, ஓர சைஸுக்கு ஒன்று. நிறம் தேர்ந்தெடுக்கும்போது கடைப் பையன்களில் இருவரைக் கூட அழைத்துப் போகிறேன். "44க்கு மேல்" கம்பி புதுக் கடையிலும் இருக்கிறது, முழு விலையில்.

ஆடி 18க்குக் காலையில் அம்மா சித்ரான்னம் கட்டிக் கொடுத்து அனுப்பினார். எல்லோரும் கடையிலேயே சாப்பிட்டோம். அன்று மாலை மிஞ்சியது 370 பீஸ். 60 பீஸை ஒரு முதியோர் இல்லத்துக்குக் கொடுக்கலாம் என்றபோது ஆடிட்டர் இன்னொரு விஷயம் சொன்னார்: நஷ்டத்துக்கு விற்றால்கூட வாங்கும்போது கட்டிய வரியைக் கழித்துக்கொண்டது அப்படியே நிற்கும், சும்மா கொடுத்தால் அந்த வரியைத் திருப்பிக் கட்ட வேண்டும். ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று விற்பது மட்டும் இதில் சேராது, இரண்டுக்கும் சேர்த்து ஒரே விலை என்று 2019லேயே சுற்றறிக்கை தெளிவாக்கிவிட்டது. சரி, 60 பீஸுக்கு வரியைக் கட்டிவிட்டே கொடுத்தோம். மிச்சம் 310க்கு லாட் எடுப்பவரை வரச் சொல்லியிருந்தேன்.

அவர் வண்ணாரப்பேட்டையிலிருந்து குட்டி யானை வண்டியோடு வந்தார். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. குவியலுக்குள் கையை விட்டு, சீட்டுக்கட்டுப் புரட்டுவதுபோல ஓரத்தை மட்டும் புரட்டினார்.

"செட் இருக்கா?"

"கட் சைஸ்தாண்ணே."

"பீஸ் அறுபது."

"உள்ள லினன் இருக்கு, பாருங்க."

"லினன் எனக்குத் தெரியுது தம்பி. எவன் போட்டுப்பான்னுதான் தெரியல."

எழுபதில் முடிந்தது. 21,700 ரூபாயை எண்ணிக் கொடுத்துவிட்டு, காப்பிப் பொடிச் சட்டையில் ஒன்றைத் தூக்கிப் பார்த்து, "இது யார் எடுத்தது?" என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. அண்ணன் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இரண்டு வாரம் கழித்து, ஆவணி பிறந்த அன்று, பழைய ரேக்குகளைக் கழற்றினார்கள். தேக்குக் கவுண்டரைப் பழைய மரச்சாமான் வாங்குபவர் எடுத்துப்போனார். தலை இல்லாத இரண்டு பொம்மைகளை டெய்லர் கேட்டு வாங்கிக்கொண்டார். பின்சுவர் ரேக்கை நகர்த்தியபோது அதற்குப் பின்னால் சுண்ணாம்பில் இரண்டு தண்ணீர்க் கோடுகள் தெரிந்தன, ஒன்று முழங்காலுக்கு, ஒன்று அதற்கு நான்கு விரல் கீழே. எது எந்த வருடத்தது என்று மேஸ்திரி கேட்டார். மேலே இருப்பது 2015 என்றேன்.

அப்பாவுக்கு எழுபத்தெட்டு வயது. கைத்தடியோடு வந்து வாசலில் நின்றிருந்தார். தரை எவ்வளவு உயரப்போகிறது என்று கேட்டார். ஒன்றரை அடி, ரோட்டைவிட அரை அடி மேலே வரும் என்று மேஸ்திரி சொன்னார். அப்பா கைத்தடியைத் தரையில் ஊன்றி அதை ஒரு முறை பார்த்தார், அப்புறம் ரோட்டைப் பார்த்தார்.

"ரெண்டரை ஆக்கு. அவன் இன்னும் போடுவான்."